தொகையெண்கள் காட்டுவனவும் மறைப்பனவும்

ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலட்சக்கணக்கான செடிகள் உள்ளன. தோட்டத்தை மேற்பார்ப்போர் ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று அதன் நலந்தீங்கை ஆராய்தல் இயலாத செயலாகும். ஆதலின், மலைவாரியாகவும் பிரிவுவாரியாகவும் நிறுக்கப்படும் கொழுந்தின் கூட்டுத்தொகையையும், அதனை ஆட்களின் தொகையாலோ நிலப்பரப்பாலோ வகுத்துப் பெறும் சராசரியையும் கொண்டே அவர்கள் தோட்டத்தின் நிலையை அறிகின்றனர். வங்கிகள், வைத்தியசாலைகள், பரீட்சைக் கந்தோர்கள் முதலியவற்றின் பதிவுகளைத் தாங்கிநிற்கும் கணினித் தரவுத்தளங்களைப் பேணுவோரின் நிலையும் இதுவே. நாள்தோறும் இலட்சக்கணக்கான வினவல்கள் தரவுத்தளத்தை வந்தடைகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எவரும் பார்த்திருத்தல் இயலாது. எத்தனை வினவல்கள் வந்தன, மொத்தம் எவ்வளவு நேரம் சென்றது, சராசரி யாது என்னும் எண்களே அவர்களுக்குக் கண்ணாகின்றன.

இத்தகைய எண்களைத் தொகையெண்கள் எனலாம். இவை அறிதற்கு மட்டுமன்றி ஆளுதற்கும் பயன்படுகின்றன. கொழுந்துச் சராசரியைப் பார்த்துப் பறிசுற்றின் இடைவெளியையும், பசளையின் அளவையும், ஒருவர் ஒரு நாளிற் பறிக்கவேண்டிய நிறையையும் தோட்டத்தார் மாற்றுகின்றனர். வேகச் சராசரியைப் பார்த்து நினைவகத்தின் பங்கீட்டைத் தரவுத்தளத்தார் மாற்றுகின்றனர். மாற்றப்படக்கூடிய இவற்றை அமைவுகள் என்போம். தொகையெண் எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பதை அறியாமல் அமைவை மாற்றுவோர் நோயில்லாத இடத்தில் மருந்திடுவோர் ஆவர். இவ்வுண்மையை மலையகத் தோட்டங்களின் கணக்குகள் வாயிலாக விளக்கி, அதே விதி தரவுத்தளத்திலும் செல்லுமாற்றைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடுவத்திலிருந்து கந்தோர் வரை

இலங்கையிற் தேயிலை வணிகப் பயிராக 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலரால் லூல்கந்துர என்னும் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திற் பயிரிடப்பட்டது. கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் அது மலைநாடெங்கும் பரவிற்று. அத்தோடு தோட்டக் கணக்குமுறையும் பரந்து வளர்ந்தது. கூடையிலுள்ள கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும். கணக்கப்பிள்ளை அதனைப் பறித்தவர் பெயருக்கு எதிரே குறிப்பார். அக்குறிப்பே செக்றோல் என்னும் பேரேட்டில் ஏறி அவருடைய ஊதியத்துக்கு ஆதாரமாகும். பெயர்களின் நிறைகள் சேர்ந்து மலையின் நிறையாகும். மலைகளின் நிறைகள் சேர்ந்து பிரிவின் நிறையாகும். பிரிவுகளின் நிறைகள் சேர்ந்து தோட்டத்தின் நிறையாகும். மாத இறுதியில் மேலிடத்துக்குச் செல்லும் அறிக்கையில் எஞ்சுவன சில எண்களே.

இவ்வாறு படிப்படியாகக் கூட்டும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு செய்தி கழிந்துபோகின்றது. மலையின் நிறையிற் பறித்தவரின் பெயர் இல்லை. பிரிவின் நிறையில் எந்த மலை என்னும் குறிப்பு இல்லை. மாதத்தின் நிறையில் மழை பெய்த நாளும் வெயில் காய்ந்த நாளும் ஒன்றாகிவிடுகின்றன. கூட்டுதல் என்பது சுருக்குதல். சுருக்குதல் என்பது சிலவற்றை விடுத்தல். விடுக்கப்பட்டவை வேண்டாதவையா, வேண்டியவையா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

தொழிற்சாலையில் வழங்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோ தேயிலைத்தூள் கிடைப்பது வழக்கம். ஒரு மாதத்தில் இவ்விகிதம் தாழ்ந்ததாயின், வாட்டுதலிலோ அரைத்தலிலோ உலர்த்துதலிலோ பிழை நேர்ந்ததெனத் தொழிற்சாலையாரைக் குறைகூறத் தோன்றும். ஆனால், தென்மேற்குப் பருவமழை அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளை நனைக்கும் மாதங்களிற் கொழுந்தின் மேற்பரப்பில் தங்கிய நீரும் சேர்ந்தே நிறுக்கப்படுகின்றது. அந்நீர் ஆவியாகிப் போனபின் விகிதம் தாழ்தல் இயல்பேயாம். எண் பிழையன்று, அதற்குக் கொண்ட பொருளே பிழை.

சராசரி தாழ்ந்தது, எவரும் தாழவில்லை

தொகையெண் மறைப்பனவற்றுள் மிகவும் ஏமாற்றத்தக்கது ஒன்றுண்டு. அதனை ஒரு கற்பனைத் தோட்டத்தைக் கொண்டு விளக்கலாம். அத்தோட்டத்தில் நூறு பேர் கொழுந்து பறிக்கின்றனர். ஒரு மலை, தெரிந்தெடுத்த தாய்ச்செடிகளின் துண்டங்களை நட்டு உண்டாக்கிய புதுத் தேயிலை, விளைச்சல் மிகுந்தது. மற்றையது பழைய விதைத்தேயிலை, இடையிடையே வெற்றிடமுள்ளது, சரிவு மிக்கது.

முதல் மாதத்திற் புது மலையில் 60 பேர் ஆளுக்கு 24 கிலோவும், பழைய மலையில் 40 பேர் ஆளுக்கு 14 கிலோவும் பறிக்கின்றனர். மொத்தம் 2,000 கிலோ. சராசரி 20 கிலோ. அடுத்த மாதத்திற் புது மலையின் ஒரு பகுதி கவ்வாத்துக்கு வருகின்றது. ஆதலின் அங்கே 30 பேருக்கே வேலையுண்டு. ஏனைய 70 பேரும் பழைய மலைக்குச் செல்கின்றனர். பருவம் நன்றாயிருத்தலாற் புது மலையில் ஆளுக்கு 25 கிலோவும், பழைய மலையில் ஆளுக்கு 15 கிலோவும் கிடைக்கின்றன. மொத்தம் 1,800 கிலோ. சராசரி 18 கிலோ.

இரு மலைகளிலும் ஆளொருவரின் பறிப்பு ஒவ்வொரு கிலோவால் உயர்ந்தது. எனினும் தோட்டத்தின் சராசரி இரண்டு கிலோவால் தாழ்ந்தது. இதில் மாயமொன்றும் இல்லை. ஆட்கள் விளைவு மிக்க மலையிலிருந்து விளைவு குன்றிய மலைக்கு மாறினர். அம்மாற்றமே சராசரியைக் கீழிழுத்தது. ஆனால் மாத அறிக்கையை மட்டும் கண்ட ஒருவர், தொழிலாளர் கைசோர்ந்தனர் என்றே முடிவு செய்வார். அம்முடிவின்மீது கண்டிப்பான அமைவொன்றை விதிப்பாராயின், முன்னைவிட நன்றாகப் பறித்தவரே தண்டிக்கப்படுவர்.

தேயிலையில் இத்தகைய கலவைமாற்றம் அருமையாக நிகழ்வதன்று, ஆண்டுதோறும் நிகழ்வது. செடிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்யப்படுகின்றன. உயரம் கூடக்கூட இக்காலமும் நீளும். கவ்வாத்தான மலை சில மாதங்கள் கொழுந்தே தராது. எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் கவ்வாத்தில் இருந்தது என்பதை அறியாமல் இரண்டு ஆண்டுகளின் சராசரியை ஒப்பிடுதல், வகுப்பில் மாணவர் மாறியதை அறியாமல் இரண்டு ஆண்டுகளின் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டு ஆசிரியரைப் புகழ்தலும் இகழ்தலும் போன்றதாம்.

தலவாக்கலையிற் கிடைத்த பாடம்

இவ்விடர்ப்பாட்டை வெல்லும் வழியை ஆராய்ந்தோருள் மலையகத்திற் பணியாற்றிய அறிஞர் ஒருவரும் உளர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலையை அடுத்த சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அதே 1925ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய நிலையத்திற் பணிபுரிந்த ஆர். ஏ. பிஷர், ஆராய்ச்சியாளருக்கான புள்ளிவிபர முறைகள் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ரொதம்ஸ்டெட்டிற் பிஷருடன் சேர்ந்து பயிர்விளைச்சல் ஆய்வுகளை எழுதிய தோமஸ் ஈடன் என்பவர் பின்னர் இலங்கைக்கு வந்து தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் விவசாய இரசாயனராகக் கடமையாற்றினார். தேயிலை விளைச்சலில் நேரும் பரிசோதனை வழுக்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1931இல் வெளிவந்தது.

அவர் எதிர்கொண்ட இடர் யாது? ஒரே மலையில், ஒரே வகைச் செடியில், ஒரே அளவு பசளை பெற்ற பாத்திகளும் ஒத்த விளைவைத் தருவதில்லை. மண்ணின் ஆழமும், சரிவும், காற்றும், நிழலும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. ஆதலின், ஒரு பாத்திக்குப் புதுப் பசளையிட்டு மற்றொன்றுக்கு இடாது விட்டு இரண்டையும் நிறுத்துப் பார்த்தாற் கிடைக்கும் வேறுபாடு பசளையால் வந்ததா, நிலத்தால் வந்ததா என்பது தெளிவாகாது. பிஷர் வகுத்த பரிகாரம் மூன்று கூறுகளையுடையது. ஒவ்வொரு பசளையையும் ஒரு பாத்திக்கு மட்டுமன்றிப் பல பாத்திகளுக்கு இடுதல் முதலாவது. எப்பாத்திக்கு எது என்பதைத் தம் விருப்பப்படி வையாது, சீட்டெடுப்பது போல எழுமாறாக ஒதுக்குதல் இரண்டாவது. ஒத்த நிலப்பகுதிகளை ஒரு தொகுதியாக்கி அத்தொகுதிக்குள்ளேயே ஒப்பிடுதல் மூன்றாவது.

தேயிலை இவற்றோடு மற்றொரு வாய்ப்பையும் அளிக்கின்றது. நெல்லும் உருளைக்கிழங்கும் ஒரு போகத்தோடு முடிவன. தேயிலையோ பல்லாண்டு நிற்பது. ஆதலின், பரிசோதனை தொடங்குமுன்பே அதே செடிகளின் கொழுந்தைச் சிலகாலம் நிறுத்து வைத்துக்கொள்ளலாம். இயல்பாகவே மிகுதியாக விளையும் பாத்தி எது என்பது அதனால் அறியப்படும். பின்னர் வரும் விளைச்சலை அம்முன்னிலைக்கேற்பத் திருத்தி ஒப்பிடலாம். இம்முறையை விளக்குதற்குப் பிஷர் தம் நூலின் பிந்திய பதிப்பில் எடுத்தாண்டவை, ஈடன் திரட்டிய தேயிலைப் பாத்திகள் பதினாறின் விளைச்சல் எண்களேயாம். உலகெங்கும் புள்ளிவிபரம் பயில்வோர் கற்ற அவ்வதிகாரத்திற்கு இலங்கைத் தேயிலையே கருப்பொருளாயிற்று.

இதிலிருந்து பெறும் பாடம் இரண்டு. மாற்றுமுன் அளந்துவைக்காதவர் மாற்றத்தின் பயனை அறியார். மாற்றாத பாத்தியொன்றை ஒப்புக்கு வைக்காதவர், பயன் மாற்றத்தால் வந்ததா காலத்தால் வந்ததா என்பதை அறியார்.

ஒப்புப்பாத்தியில்லாத மாற்றம்

இப்பாடத்தின் அருமையை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உணர்த்தும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி இலங்கையிற் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. குறைவு நூற்றுக்குப் பதினாறளவாகும்.

பசளையில் உள்ள நைதரசன் இலைப்பயிருக்கு இன்றியமையாதது என்பதும், அது குன்றினாற் கொழுந்து குன்றும் என்பதும் ஐயத்துக்கிடமில்லாதவை. ஆயினும், பதினாறில் எத்தனை பங்கு பசளையின்மையால் வந்தது எனக் கேட்பின் அம்மொத்த எண் விடை தராது. 2022இல் எரிபொருட் தட்டுப்பாடும் மின்வெட்டும் நிகழ்ந்தன. தடை நீங்கியபின்பும் பசளையின் விலை மிக உயர்ந்திருந்தது. இவையனைத்தும் ஒரே ஆண்டில் ஒரே தீவின்மேல் விழுந்தன. அமைவு நாடு முழுவதும் ஒருங்கே மாற்றப்பட்டமையால் ஒப்புக்கு நிற்கும் பாத்தி எங்கும் இல்லாதாயிற்று. சில தோட்டங்களில் முதலிற் செய்து, நிறுத்துப் பார்த்து, பின்னர் பரப்பும் மாற்றத்தில் இழப்பும் சிறிதாகும், அறிவும் பெரிதாகும்.

தரவுத்தளத்தின் மடுவம்

இனி, இதே விதி கணினித் தரவுத்தளத்திற் செல்லுமாறு காண்போம். செய்திகளை நிரல்களும் நிரைகளும் கொண்ட அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் முறையை 1970இல் ஈ. எப். கொட் என்பார் வகுத்துக் காட்டினார். அம்முறையில் இயங்கும் தரவுத்தளங்களுட் போஸ்ட்கிரெஸ் என்பது ஒன்று. 1986இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிறேக்கர் தலைமையிற் தொடங்கப்பட்ட ஆராய்ச்சியின் வழிவந்தது. இது தன் செக்றோலைத் தானே எழுதிக்கொள்கின்றது. வேண்டிய பக்கம் நினைவகத்திற் கிடைத்தது எத்தனை முறை, தட்டிலிருந்து படிக்க நேர்ந்தது எத்தனை முறை என்பவற்றை அது எண்ணிக்கொண்டேயிருக்கும். துணைக்கருவியொன்றை இணைத்தால், ஒவ்வொரு வகை வினவலும் எத்தனை முறை வந்தது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பவற்றையும் குறித்துவைக்கும்.

இவ்வெண்கள் வீட்டு மின்மானியைப் போல ஏறிக்கொண்டே செல்வன. மானியை ஒருமுறை பார்த்தல் நேற்றைய செலவைச் சொல்லாது. இருமுறை பார்த்து வேறுபாட்டை எடுத்தலே சொல்லும். ஆறு மாதங்களாகச் சேர்ந்த கூட்டுத்தொகையை நோக்குவோர்க்கு இன்று காலை நேர்ந்த தடங்கல் புலப்படாது. ஆதலின் குறித்த இடைவெளிதோறும் எண்களைப் படியெடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தல் முதற்கடமையாகும்.

அடுத்து, சராசரியைப் பிரித்தல் வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 1,000 வினவல்கள் வந்தன எனக் கொள்வோம். அவற்றுள் 980 வினவல்கள் ஒவ்வொன்றும் 2 மில்லிசெக்கனிலும், 20 வினவல்கள் ஒவ்வொன்றும் 5 செக்கனிலும் முடிந்தன. மொத்த நேரம் ஏறத்தாழ 102 செக்கன். சராசரி 102 மில்லிசெக்கன். ஆனால் 102 மில்லிசெக்கனில் விடைபெற்றவர் ஒருவரேனும் இல்லை. பெரும்பாலார் அதனினும் மிக விரைவாகப் பெற்றனர். இருபதின்மர் அதனினும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு காத்திருந்தனர். மொத்த நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அவ்விருபதுக்கே சென்றது. இதனாலேயே தேர்ந்தோர் சராசரியோடு நில்லாது, நேரங்களைச் சிறியது முதற் பெரியது ஈறாக வரிசைப்படுத்தி, நடுவிலுள்ளதையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாம் இடத்திலுள்ளதையும் நோக்குகின்றனர். இங்கே நடுவெண் 2 மில்லிசெக்கன். தொண்ணூற்றொன்பதாம் இடத்தெண் 5 செக்கன். நோய் எங்குளது என்பது இவ்விரண்டிலும் ஒளிவின்றித் தெரிகின்றது.

சராசரியை மட்டும் கண்டவர் யாது செய்வார்? தரவுத்தளம் மந்தமாயிற்று எனக் கொண்டு நினைவகத்தின் அமைவை உயர்த்துவார். அந்த இருபது வினவல்களும் ஒரு பெயரைத் தேடுவதற்காக அட்டவணை முழுவதையும் புரட்டுவனவாயின், நினைவகத்தைப் பெருக்கி அடையும் பயன் சிறிது. வேண்டியது சுட்டி. பாடசாலைச் சேர்விடாப்பில் அகரவரிசைச் சுட்டி இல்லாதவிடத்து ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டித் தேடுதல் போன்றதே இம்மந்தம். பெரிய மேசையை வாங்கி இடாப்பை விரித்துவைத்தலால் தேடல் விரைவாகாது.

அமைவை ஆராயாமல் உயர்த்துதலாற் கேடும் உண்டு. வினவல்களின் விடைகளை வரிசைப்படுத்துதற்கு ஒதுக்கும் நினைவக அளவு போஸ்ட்கிரெஸில் இயல்பாக 4 மெகாபைற்று. இது தளம் முழுவதற்கும் சேர்த்தன்று. வரிசைப்படுத்தும் செயல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உரியது. அதனை 64 ஆக உயர்த்தியபின் ஒரே வேளையில் 200 பேர் அத்தகைய செயலொன்றைச் செய்வராயின், 12,800 மெகாபைற்று வரை தேவைப்படலாம். நினைவகம் அதனைத் தாங்காதவிடத்து, விரைவுக்காகச் செய்த மாற்றமே தளம் வீழ்தற்குக் காரணமாகும்.

கற்பனைத் தோட்டத்திற் கண்ட கலவைமாற்றம் இங்கும் நேர்வது. நினைவகத்திற் கிடைத்த பக்கங்களின் விகிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றொன்பதாக ஏறிற்று எனின், அமைவு பயன் தந்தது என மகிழத் தோன்றும். சிறிய, எளிய வினவல்கள் அவ்வாரம் பெருகியமையே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும். இடர்ப்பட்ட வினவல்கள் முன்போலவே இடர்ப்பட்டிருக்கும். ஆதலின், வினவல்களை வகைவாரியாகப் பிரித்து, அதே வகையை அதே வகையோடு ஒப்பிடுதலே முறை. ஒருவேளையில் ஓர் அமைவை மட்டும் மாற்றி, மாற்றுமுன் எடுத்த எண்களோடு ஒத்த காலத்து எண்களை ஒப்பிட்டபின்பே அடுத்ததைத் தொடல் வேண்டும். பரீட்சை முடிவு வெளியாகும் நாளை ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிடுதல் மழைமாதக் கொழுந்தை வெயில்மாதக் கொழுந்தோடு ஒப்பிடுதலாய் முடியும்.

அமைவும் ஆளும்

இரு துறைகளுக்கும் விதி ஒன்றாயினும், வேறுபாடு ஒன்றுண்டு. தரவுத்தளத்திற் பிழையான அமைவால் வினவல் காத்திருக்கும், மீண்டும் திருத்தலாம். தோட்டத்தில் அமைவின் மறுமுனையில் நிற்பது ஓர் ஆள்.

ஒருவர் குறித்த நிறையைப் பறித்தால் அவருக்கு முழுப்பேர். பறிக்காதவிடத்து அரைப்பேர் என்பது தோட்டங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த வழக்கு. 2021 மார்ச்சிற் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வெளிவந்தபின், ஒரு நாளுக்கு எத்தனை கிலோ என்னும் வினா பல தோட்டங்களிற் பிணக்குக்குரியதாயிற்று. மேற்கூறிய கற்பனைத் தோட்டத்தின் முதல் மாதச் சராசரியாகிய 20 கிலோவையே எல்லார்க்கும் அளவாக விதிப்பின் யாது நேரும்? புது மலையின் 60 பேரும் எளிதில் எட்டுவர். பழைய மலையின் 40 பேரும் தம்மால் இயன்றமட்டும் பறித்தும் எட்டார். அரைப்பேர் விழுவது கைமெதுவானவர்க்கன்று, மலை மோசமானவர்க்கே. எந்த மலைக்கு யார் செல்வது என்பதை அன்று காலைப் பிரட்டுக்களத்தில் வேறொருவர் தீர்மானிக்கின்றார். சராசரி உண்மையான எண்ணே. எனினும் அதனை அளவாக்கிய முடிவு நீதியாகவில்லை.

இதனாற் தொகையெண்கள் வேண்டாதன என்பது பெறப்படாது. அவையின்றிப் பெருந்தோட்டமும் நடவாது, பெருந்தளமும் இயங்காது. எங்கோ ஒரு மாற்றம் நிகழ்ந்ததென முதலில் அறிவிப்பவை அவையே. ஆனால் அறிவிப்போடு அவற்றின் தொழில் முடிகின்றது. எங்கு, எதனால் என்னும் வினாக்களுக்குத் தொகையைப் பிரித்தே விடை காணல் வேண்டும். மலைவாரியாக, கவ்வாத்து ஆண்டுவாரியாக, பருவவாரியாகக் கணக்கைப் பிரித்து வைத்துள்ள தோட்டத்தில், அளவு பற்றிய பிணக்கு எழும்போது இரு தரப்பாரும் ஒரே எண்களைப் பார்த்துப் பேச இயலும். அவ்வெண்கள் புதிதாகத் தேடப்படவேண்டியன அல்ல; மடுவத்தில் நாள்தோறும் எழுதப்பட்டு, மாத இறுதியிற் கூட்டப்பட்டு மறைவனவேயாம். கூட்டிய பின்னும் கூட்டுமுன் இருந்த ஏட்டைப் பேணிவைத்தல் கணக்கெழுதுவோரின் கடமை. அதனை விரித்துக் கேட்டல் கணக்குக்கு உட்படுவோரின் உரிமை.